பாய்மரத்துக்கு மூன்று கம்பி

படகின் இடக்கம்பி என் கட்டைவிரலில் குத்தியது ஒரு சனிக்கிழமை காலையில். முட்டுக்காட்டுக் கழிமுகத்தின் ஓரத்தில் எங்கள் படகைத் துடைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் படகு என்றதும் பெரிதாக எதையும் நினைத்துவிட வேண்டாம். பதினான்கு அடி நீளம், மஞ்சள் நிறம், நடுவில் அலுமினியத்தில் ஒரு பாய்மரம். நாலு பேர் முட்டி இடித்துக்கொண்டு உட்காரலாம். இயந்திரம் கிடையாது. காற்று அடித்தால் போகும், அடிக்காவிட்டால் நின்று யோசிக்கும். பாய்மரம் இருபது அடி உயரம். அது விழாமல் நிற்க மூன்று எஃகுக் கம்பிகள் உண்டு. உச்சிக்குச் சற்றுக் கீழேயிருந்து ஒன்று படகின் மூக்குக்கு வரும், ஒன்று இடது விளிம்புக்கு, ஒன்று வலது விளிம்புக்கு. ஷாமியானாக் கம்பத்தை மூன்று பக்கமும் கயிறு போட்டு இழுத்துக் கட்டுவார்களே, அதே ஏற்பாடுதான்.

கம்பி என்று சொன்னாலும் அது ஒற்றைக் கம்பி இல்லை. பத்தொன்பது மெல்லிய இழைகளை முறுக்கிச் செய்தது. நான் துணியால் வழித்துக்கொண்டே கீழே வந்தபோது, விளிம்புக்கு ஒரு சாண் மேலே, ஓர் இழை அறுந்து முள்ளாக நீட்டிக்கொண்டிருந்தது. துணியையும் தாண்டி விரலில் ஏறிவிட்டது.

"ரத்தமா? காட்டுங்க அண்ணி" என்று ஓடி வந்தாள் என் நாத்தனார். விரலை இரண்டு நொடி பார்த்தாள். கம்பியை ஐந்து நிமிடம் பார்த்தாள்.

அங்கே படகுகளைப் பார்த்துக்கொள்ளும் அண்ணா ஒருவர் இருக்கிறார், பக்கத்து மீனவர் குப்பத்துக்காரர். அவரும் வந்து குனிந்தார். "இது ஒண்ணு இல்ல மேடம். தோ, கீழ பாரு, இன்னும் ரெண்டு பிஞ்சிகினு கீது. நடுத்தண்ணில பூட்ச்சுன்னா மரம் அப்டியே மண்ட மேல வந்துரும்."

"யார் மண்டை மேல?" என்று கேட்டேன்.

அவர் படகை ஒரு தடவை பார்த்து, "இடக்கம்பிதான பூட்ச்சு? மரம் வலது பக்கமா சாயும். வலது பக்கம் யாரு குந்துவீங்க?" என்றார்.

வலது பக்கம் உட்காருவது நாத்தனார். அவள் முகம் போன போக்கைப் பார்த்ததும் என் விரல் வலி கொஞ்சம் குறைந்தது.

எங்களுக்கு எப்படிப் படகு வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். நான் செம்பாக்கத்தில் குடியிருக்கும் கணக்கு டீச்சர். ஏரியைச் சுற்றி நடைப்பயிற்சி போனதைத் தவிரத் தண்ணீரோடு எனக்கு வேறு சம்பந்தம் இருந்ததில்லை. நாத்தனார் பள்ளிக்கரணையில் இருக்கிறாள், காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. என் கணவருக்கு ஐம்பதாவது வயதில் பாய்மரப் படகு ஓட்டக் கற்றுக்கொள்ளும் ஆசை வந்தது. இரண்டு பேராக வந்தால்தான் வகுப்பு என்றார்கள் என்று என் பெயரையும் கொடுத்துவிட்டார். வகுப்புக்கு முதல் நாள் வாஷிங் மெஷினை நகர்த்தப் போய் இடுப்பைப் பிடித்துக்கொண்டு படுத்தார். அவருக்குப் பதிலாக அவர் தங்கை வந்தாள்.

எனக்கும் அவளுக்கும் கல்யாணமான நாளிலிருந்தே எதிலும் ஒத்துப்போனதில்லை. சண்டை என்று சொல்ல முடியாது. நான் ஜன்னலைத் திறந்தால் அவள் மூடுவாள், அவ்வளவுதான். அந்த இரண்டு நாள் வகுப்பில் ஏழு தடவை தண்ணீரில் விழுந்தோம். ஏழு தடவையும் யார் தப்பு என்று பேசிக்கொண்டே கரையேறினோம். பேச்சு முடியவில்லை, அதனால் அடுத்த சனிக்கிழமையும் போனோம். ஒரு வருடம் கழித்து, பெங்களூருக்குக் குடிபோகிற ஒருவர் தம் பழைய படகை விற்றபோது இருவருமாகச் சேர்ந்து வாங்கிக்கொண்டோம். என் கணவர் இன்றுவரை அதில் ஏறவில்லை. "நீங்க ரெண்டு பேரும் ஒரே படகில போறீங்கங்கிற செய்தியே எனக்குப் போதும்" என்பார்.

அந்தப் படகுக்கு ஒரு பழக்கம் இருந்தது. எப்போதும் கொஞ்சம் இடது பக்கம் சாய்ந்தே போகும். இதற்கு நாத்தனார் வைத்திருந்த விளக்கம் எளிமையானது. நான் இடது பக்கம் உட்காருகிறேன், அவளைவிடப் பதினெட்டு கிலோ கூட இருக்கிறேன். "அண்ணி, இன்னும் கொஞ்சம் நடுவுக்கு நகருங்க" என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நானும் இரண்டு வருடமாக நகர்ந்துகொண்டிருந்தேன். இதற்கு மேல் நகர்ந்தால் அவள் மடியில்தான் உட்கார வேண்டும்.

சரி, கம்பிக்கு வருகிறேன். ஒரு கம்பியை மாற்றினால் போதும் என்பது என் கட்சி. மூன்றையும் மாற்ற வேண்டும் என்பது அவள் கட்சி. "மூணும் ஒரே வயசு அண்ணி. ஒண்ணுக்கு நெஞ்சுவலி வந்தாச்சு, மத்த ரெண்டும் நல்லா இருக்குன்னு நீங்க எழுதிக் கொடுப்பீங்களா?" என்று கேட்டாள். காப்பீட்டுக்காரர்களிடம் வாதம் செய்வதில் ஒரு கஷ்டம், அவர்களுக்கு எல்லா விபத்தும் மனப்பாடம். படகு அண்ணாவும் அவள் பக்கம் சேர்ந்துகொண்டார். அன்றே பாய்மரத்தை இறக்கிப் படுக்க வைத்து, மூன்று கம்பிகளையும் கழற்றினோம்.

புதிய கம்பி வாங்குவது அவ்வளவு சுலபமாக இல்லை. இணையத்தில் தேடினால் எல்லாம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டியவை, வந்து சேர மூன்று மாதம் என்றார்கள். அதற்குள் நல்ல காற்றுக்காலம் போய்விடும். நாத்தனார் தினமும் சாயங்காலம் தன் பால்கனியிலிருந்து போன் செய்வாள். "அண்ணி, இங்க சதுப்புநிலத்துல கோரையெல்லாம் மேற்கே படுத்துக்கிடக்கு. கடல்காத்து சூப்பரா இருக்கு. நாம வீட்ல உக்காந்திருக்கோம்" என்று துக்கம் விசாரிப்பது போலச் சொல்லி வைத்துவிடுவாள்.

வண்டலூர் பக்கம் லிஃப்ட் பழுது பார்க்கும் கடை ஒன்றில் கேட்டேன்.

"லிஃப்ட் கேபிளா மேடம்? எத்தனை மாடி?"

"மாடி இல்லைங்க, படகு."

"படகுக்கு எதுக்கு மேடம் லிஃப்ட்?"

சேலையூரில் உடற்பயிற்சி எந்திரங்களுக்குக் கம்பி போடுகிறவரிடம் போனோம். அவரிடம் இருந்ததெல்லாம் கறுப்பு பிளாஸ்டிக் உறை போட்டது. உறைக்குள் இழை அறுந்தால் எப்படித் தெரியும் என்று நாத்தனார் கேட்டாள். "அறுந்தா வெயிட்டு கால்ல விழும், அப்போ தெரியும்" என்றார் அவர், உண்மையாகவே உதவும் எண்ணத்தில்.

கடைசியில், மேற்குத் தாம்பரம் மார்க்கெட்டை ஒட்டிக் கயிறும் தார்ப்பாயும் சங்கிலியும் விற்கும் பாய் ஒருவர் இருக்கிறார், பாரம் தூக்குகிற ஒயர் ரோப்பின் முனைக்கு அவர்தான் வளையம் போட்டுத் தருவார் என்று யாரோ சொன்னார்கள். பழைய கம்பிகளைச் சுருட்டிக்கொண்டு என் ஸ்கூட்டரில் கிளம்பினோம். நான் ஓட்ட, பின்னால் நாத்தனார், அவள் தோளில் மாலை மாதிரி மூன்று கம்பிச் சுருள்கள்.

இந்த வகைக் கம்பிக்குச் சுருண்டு கிடப்பது பிடிக்காது. கயிறு மாதிரி அடங்காது, சமயம் பார்த்து நிமிர்ந்துவிடும். கேம்ப் ரோடு சிக்னலில் அது சமயம் பார்த்தது. பின்னால் 'விர்ர்' என்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால், ஒரு சுருள் அவிழ்ந்து பதினைந்து அடி நீளத்துக்கு ஆடிக்கொண்டிருக்கிறது. அதன் நுனியில் இருந்த வளையம் பக்கத்து ஆட்டோவின் கண்ணாடியில் மாட்டிக்கொண்டுவிட்டது.

ஆட்டோக்காரர் வளையத்தைப் பார்த்தார், கம்பியைப் பார்த்தார், நாத்தனாரைப் பார்த்தார். "இன்னா யக்கா, மீன் புடிக்கிறியா?"

"சாரிண்ணா, சாரிண்ணா" என்று அவள் இழுக்க, கண்ணாடி திரும்பிக்கொண்டது.

"இழுக்காத யக்கா! சிக்னல் வுட்டான்னா நீ என்னோட வண்டலூர் வந்துருவ."

சிக்னல் விழுந்தும்விட்டது. பின்னால் ஒரு பேருந்து ஹாரனிலிருந்து கையையே எடுக்கவில்லை. ஆட்டோக்காரர் இறங்கி, நிதானமாக வளையத்தைக் கழற்றி, கம்பியை மறுபடி சுருட்டி, தன் கைத்துண்டால் இரண்டு இடத்தில் இறுக்கிக் கட்டிக் கொடுத்தார். துண்டை எப்படித் திருப்பிக் கொடுப்பது என்று கேட்டேன். "வச்சிக்க யக்கா. மீனு மாட்டுனா சொல்லு" என்று போய்விட்டார்.

பாய் கடை நீளமாகவும் குறுகலாகவும், கூரையிலிருந்து கயிறுகள் தொங்க, ஏதோ பெரிய விலங்கின் வயிற்றுக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. அவருக்கு அறுபதை ஒட்டிய வயது, மடித்துவிட்ட முழுக்கைச் சட்டை, சட்டைப் பையில் ஒரு காந்தம். நாங்கள் சொல்லும் முன்பே கம்பியை வாங்கி நெற்றிக்கு நேராகப் பிடித்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

"நல்ல சரக்கு. வெய்யிலு, உப்புக்காத்து ரெண்டும் தின்னுருக்கு. எதுக்கு இது?"

"பாய்மரத்துக்கு" என்றேன்.

"எந்தப் பாய்?"

"படகுல கட்டுற பாய்ங்க. காத்துல போறதுக்கு. அந்தப் பாயைக் கட்டுற மரம்."

அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு முகம் மலர்ந்தது. "நாப்பது வருசமா எல்லாரும் பாய், பாய்னுதான் கூப்புடுறாங்க. நமக்குன்னு தனியா ஒரு மரம் இருக்கிறது இன்னிக்குத்தான் தெரியுது."

அன்று தொடங்கி எங்கள் வீட்டுப் பேச்சில் ஒரே குழப்பம். "பாயை மடிச்சு மூட்டை கட்டிட்டேன்" என்று நாத்தனார் போனில் சொன்னதைக் கேட்டு, என் கணவர் "நல்ல மனுஷன்னு சொன்னீங்களே" என்று பதறிப்போனார்.

பாய் இடக்கம்பியையும் வலக்கம்பியையும் கடைத் தரையில் பக்கத்தில் பக்கத்தில் நீட்டி, ஒரு முனையை ஆணியில் மாட்டிவிட்டு, மறு முனையை இழுத்துப் பிடித்தார். பிடித்தவர் அப்படியே நின்றார்.

"ரெண்டும் ஒரே அளவுதான இருக்கணும்?"

"ஆமா."

"இது ரெண்டு இஞ்சி கம்மியா கீதே."

குனிந்து பார்த்தோம். இடக்கம்பி வலக்கம்பியைவிட இரண்டு அங்குலம் குட்டை. எங்களுக்கு முன்னால் இருந்தவரோ, அவருக்கும் முன்னால் இருந்தவரோ, அளவைத் தவறாக எடுத்து அப்படியே மாட்டிவிட்டிருக்கிறார்கள். பாயிடம் ஒரு சாக்பீஸ் வாங்கி, தரையில் முக்கோணம் போட்டேன். படகின் அகலம், கம்பியின் நீளம், இரண்டு அங்குல வித்தியாசம். கணக்குப் போட்டால் பாய்மரம் ஏறக்குறைய ஒரு சாண் இடது பக்கம் சாய்ந்து நின்றிருக்க வேண்டும். இரண்டு வருடமாக.

"நீங்க டீச்சரா?" என்றார் பாய்.

"எப்படித் தெரிஞ்சுது?"

"கடைக்கு வந்து தரையில பாடம் நடத்துறீங்களே."

நான் நாத்தனாரைத் திரும்பிப் பார்த்தேன். அவள் மேலே தொங்கிய நைலான் கயிறுகளை மிகுந்த அக்கறையோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"படகு ஏன் இடது பக்கம் சாயுதுன்னு இப்போ தெரிஞ்சுதா?" என்றேன்.

"கம்பியும் ஒரு காரணம் அண்ணி" என்றாள் அவள்.

அந்த 'உம்'மை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

பாய் கடையில் இருந்த கம்பி வளையக்கூடிய ரகம். இழுத்தால் கொஞ்சம் நீளும். பாரம் தூக்க நல்லது, பாய்மரத்துக்கு ஆகாது. நான் கேட்ட விறைப்பான ரகத்தைப் பாரிமுனையில் கப்பல் சாமான் விற்கும் இடத்திலிருந்து வரவழைப்பதாகச் சொன்னார். நாலு நாளில் வந்துவிட்டது. துருப்பிடிக்காத அசல் எஃகில் காந்தம் ஒட்டாதாம். சட்டைப் பையிலிருந்து காந்தத்தை எடுத்து ஒட்டிப் பார்த்து, ஒட்டவில்லை என்று எங்களுக்கும் காட்டி, நாங்களும் ஒட்டிப் பார்த்து ஒட்டவில்லை என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் திருப்தியானார். ஆனால் வெட்டமாட்டேன் என்றுவிட்டார்.

"எந்த அளவுல வெட்டுறது டீச்சர்? பழசுல எது சரி, எது தப்பு? ரெண்டுமே தப்பா இருந்தா? ஆளைப் பாக்காம சட்டை தைக்கச் சொல்றீங்க. ஞாயித்துக்கெழம நானே வரேன், படகைக் காட்டுங்க. மத்தியானத் தொழுகைக்குள்ள முடிச்சிரலாம்."

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு அவர் காரில் முட்டுக்காடு வந்து இறங்கினார். பின் சீட்டில் இரண்டு கை நீளத்துக்குப் பிடி வைத்த அழுத்துக் கருவி, பெரிய வெட்டுக்கத்திரி, கயிறு மூட்டை. முன் சீட்டில் அவர் மனைவி, மடியில் ஒரு பெரிய டிபன் கேரியர்.

"தண்ணிப் பக்கம் போறேன்னு வாய் தவறிச் சொல்லிட்டேன்" என்றார் பாய்.

"முப்பத்திரண்டு வருசமா கடைக்குப் போறேன்னுதான் சொல்லியிருக்காரு" என்றார் அந்த அம்மா எங்களிடம். "இன்னிக்கு விட்டுட்டா, இன்னும் முப்பத்திரண்டு வருசம் ஆவும்."

முதலில் பாய்மரத்தைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டும். படகு அண்ணா மரத்தின் அடியை மிதித்துக்கொள்ள, நாங்கள் தூக்க, பாய் தன் நைலான் கயிறுகளால் மூன்று பக்கமும் இழுத்துக் கட்டினார். நின்றது. இனி அது நேராக நிற்கிறதா என்று தெரிய வேண்டும், அப்புறம்தான் கம்பிக்கு அளவு.

நான் வீட்டுச் சாவியை நூலில் கட்டித் தூக்குக்குண்டு செய்து கொண்டுபோயிருந்தேன். அதன்படி மரம் வலது பக்கம் சாய்ந்திருந்தது. நாத்தனார் போனில் மட்டம் பார்க்கும் செயலி ஒன்றை இறக்கியிருந்தாள். அதன்படி இடது பக்கம். சாவி காற்றில் ஆடுகிறது என்றாள் அவள். போனைப் பிடித்திருக்கும் கை ஆடுகிறது என்றேன் நான். படகே மணலில் சமமாக நிற்கவில்லை என்று அண்ணா சொன்னதை இருவருமே காதில் வாங்கவில்லை. நான் பையிலிருந்து நோட்டை எடுத்து, மணலின் சரிவுக் கோணத்தைக் கணக்கிட ஆரம்பித்தேன். பத்து நிமிடம் போயிற்று. பாய் கருவியைத் தோளில் போட்டுக்கொண்டு, பொறுமைக்கு இலக்கணமாக நின்றார்.

அவர் மனைவி டிபன் கேரியரை நிழலில் வைத்துவிட்டு வந்தார். பாய்மரத்தின் உச்சியிலிருந்து ஒரு கயிறு தொங்கும், பாயை மேலே ஏற்றுவதற்காக. அதைக் கையில் பிடித்து, வலது விளிம்பில் கம்பி மாட்டும் இடம் வரை இழுத்து, தொட்ட இடத்தில் விரலால் கிள்ளிப் பிடித்துக்கொண்டார். கிள்ளிய பிடி விடாமல் படகைச் சுற்றி நடந்து, அதே கயிற்றை இடது விளிம்புக்கு இழுத்தார். இரண்டு விரற்கடை எட்டவில்லை.

"அந்தப் பக்கம் சாஞ்சிருக்கு" என்றார்.

நாங்கள் எல்லாரும் அவரையே பார்த்தோம்.

"ஜாக்கெட் தைக்கிறப்போ நடுக் கழுத்துலேர்ந்து ரெண்டு தோளுக்கும் டேப்பு புடிச்சுப் பாப்போம்ல? ரெண்டும் ஒண்ணா எட்டுச்சுன்னா நேரா இருக்கு. இதுக்கு எதுக்கு டீச்சர் நோட்டு?"

இருசமபக்க முக்கோணத்தை நான் இருபத்தாறு வருடமாக ஒன்பதாம் வகுப்புக்கு நடத்துகிறேன். நோட்டை மூடிப் பைக்குள் வைத்தேன். நாத்தனார் சிரிப்பை அடக்கத் தண்ணீர் பாட்டிலைத் திறந்தாள். சாவியின் நிழல் இன்னும் மணலில் ஆடிக்கொண்டிருந்தது.

கயிற்றைத் தளர்த்தி இறுக்கி, இரண்டு பக்கமும் ஒன்றாக எட்டும்படி மரத்தை நிறுத்தியதும் பாய் அளவெடுத்தார். பழைய வலக்கம்பிதான் சரியானது, இடக்கம்பிதான் குற்றவாளி. புதிய கம்பியில் வெட்டும் இடத்தைச் சுற்றி டேப் ஒட்டி, கத்திரியை வைத்து ஒரே அழுத்து. முனையை வளைத்து, உள்ளே பள்ளமான ஓர் எஃகு வளையத்தைக் கொடுத்து, மடங்கிய முனையையும் கம்பியையும் சேர்த்துச் செப்புக் குழல் ஒன்றுக்குள் நுழைத்தார். அந்தக் குழலைக் கருவியின் வாயில் வைத்து நசுக்கினால் உயிர் போனாலும் கழன்று வராது. பாய் மொழியில் இதற்குக் 'கண்ணு போடுறது' என்று பெயர்.

விறைப்பான கம்பி வளைய மறுத்தது. கருவியின் பிடி அவர் ஒருவர் பலத்துக்குக் கடைசி அங்குலம் இறங்கவில்லை.

"யாராச்சும் கொஞ்சம் சாயுங்க."

நாத்தனார் சாய்ந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. பிடியின் மேல் அவள் தொங்கியதுதான் மிச்சம். நான் போய்ச் சாய்ந்தேன். 'நறுக்' என்று இறங்கியது.

"மாஷா அல்லாஹ்" என்றார் பாய், போட்ட கண்ணைப் பார்த்து.

மூன்று கம்பிக்கு ஆறு கண்கள். ஆறுக்கும் நான்தான் சாய்ந்தேன். அன்று என் எடையைப் பற்றி நாத்தனார் வாயே திறக்கவில்லை. ஆறாவது கண்ணுக்கு மட்டும், "அண்ணி, வாங்க வாங்க" என்று மரியாதையாகக் கூப்பிட்டாள்.

கம்பிகளை மாட்டி, கீழே இருந்த திருகுகளை முறுக்கியதும் மரம் விறைத்து நின்றது. நைலான் கயிறுகளை அவிழ்த்தோம். பாய் சுற்றி வந்து வலக்கம்பியை விரலால் சுண்டினார். 'டங்' என்றது. இடக்கம்பியைச் சுண்டினார். அதுவும் 'டங்' என்றது.

"ஒரே சத்தம்" என்றேன்.

"எங்க ஒரே சத்தம்? இது தூக்கலா கீது" என்றார் படகு அண்ணா.

பாய் மறுபடி சுண்டினார். அவர் மனைவி இடது என்றார், நாத்தனார் வலது என்றாள். அப்புறம் எல்லாரும் வரிசையாக வந்து சுண்டினோம். எனக்குச் சுருதி என்பது சுத்தமாகக் கிடையாது, ஆனாலும் சுண்டினேன், விட்டுக்கொடுக்க முடியுமா? அண்ணா திருகை கால் சுற்று, அரைக்கால் சுற்று என்று மாற்றி மாற்றித் திருக, கடைசியில் இரண்டும் ஒன்றாகப் பாடின என்று பெரும்பான்மை தீர்மானித்தது.

பதினொரு மணிக்குக் காற்று சீராக வந்தது. படகைத் தண்ணீரில் இறக்கினோம். பாயைக் கூப்பிட்டதற்கு இரண்டடி பின்னால் போனார்.

"கம்பிக்கு நான் கேரண்டி. காத்துக்கும் தண்ணிக்கும் கெடையாது. எனக்கு நீச்சல் தெரியாது டீச்சர்."

"எனக்கும்தான் தெரியாது" என்று அவர் மனைவி உயிர்காப்புச் சட்டையைக் கேட்டு வாங்கி, புர்காவின் மேலேயே மாட்டிக்கொண்டு, வார்களை ஒவ்வொன்றாக இறுக்கினார். "நீங்க போட்ட கம்பிதான? அப்புறம் என்னா பயம்?"

பாய் அந்த வார்களைத் தானும் ஒரு முறை இழுத்துப் பார்த்தார்.

நாங்கள் மூவரும் கிளம்பினோம். பாயை ஏற்றியதும் காற்று அதை நிரப்பியது. படகு சாய்ந்து, வலக்கம்பி இழுபட்டு ஒரு மெல்லிய முனகல் முனகியது. அந்த அம்மா சட்டென்று அந்தக் கம்பியையே கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். முகத்தில் முதலில் பீதி, அப்புறம் என்ன இது என்கிற மாதிரி ஒன்று, அப்புறம் சிரிப்பு. "இஞ்சினே இல்லாம எப்படிப் போவுது பாருங்க!" என்று கரையைப் பார்த்துக் கத்தினார். கரையில் பாய் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு எங்களுக்குச் சமமாக ஓடிவந்துகொண்டிருந்தார். அவர் கண் மனைவி மேல் இல்லை, பாய்மரத்தின் மேல்தான். "இடது பக்கம் லூசா ஆடுது! நிறுத்துங்க!" என்று கத்தினார். காற்று எந்தப் பக்கத்திலிருந்து அடிக்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கக் கம்பி கொஞ்சம் தளரத்தான் செய்யும். அதை ஓடிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு எப்படி விளக்குவது? நான் கையை ஆட்டி விளக்கினேன். சுக்கானும் அந்தக் கையில்தான் இருந்தது.

படகு திரும்பி, நேராகப் போய் மணல்திட்டில் ஏறி நின்றுவிட்டது.

"அண்ணி!" என்றாள் நாத்தனார். அந்த ஒரு சொல்லில் இருபத்துச் சொச்ச வருடம் இருந்தது.

திட்டு கரையிலிருந்து முப்பது அடி தூரம்தான், முழங்கால் ஆழம்கூட இல்லை. நாங்கள் இறங்கித் தள்ளியிருக்கலாம். அதற்குள் பாய் கால்சட்டையைச் சுருட்டிவிட்டுத் தண்ணீரில் இறங்கிவிட்டார். நீச்சல் தெரியாத மனிதர், தண்ணீரைப் பார்க்காமல் மனைவியின் முகத்தையே பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு அடியாக அளந்து வந்தார். வந்து, படகின் பின்புறத்தைப் பிடித்து, "யா அல்லாஹ்!" என்று ஒரு தள்ளு.

அவர் அழுத்துக் கருவிக்குத் தேவையான பலத்தைக் கொடுத்தார். படகுக்கு அதில் பாதி போதும். வழுக்கிக்கொண்டு கிளம்பிவிட்டது. பாய் விளிம்பை விடவில்லை. தண்ணீர் முழங்காலிலிருந்து இடுப்புக்கு வந்தது.

"விடுங்க!" என்றேன் நான்.

"விடாதீங்க!" என்றாள் நாத்தனார்.

"ஏறுங்க!" என்றார் அவர் மனைவி. சொன்னதோடு நிற்காமல் அவர் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தார். நாங்கள் இருவரும் ஆளுக்கொரு கையைப் பிடித்தோம். எப்படியோ உருண்டு உள்ளே வந்து விழுந்தார். நான் உபரியாக வைத்திருந்த உயிர்காப்புச் சட்டையை அவர் தலை வழியாக மாட்டிவிட்டேன். பாய் எழுந்து உட்கார்ந்தார், பேருந்தில் நிற்பவர் போலத் தலைக்கு மேலே கையை நீட்டி இடக்கம்பியைப் பிடித்தார். சட்டைப் பையைத் தடவிப் பார்த்தார். காந்தம் இருந்தது.

படகு நேராக, நிமிர்ந்து, தண்ணீரைச் 'சளசள' என்று கிழித்துக்கொண்டு போனது. கழிமுகத்துக்குக் குறுக்கே உள்ள பாலத்தின் மேல் போகிற கார்களின் கண்ணாடிகள் வெயிலில் மின்னின. பாய் அண்ணாந்து பார்த்து, கண்கள் ஒவ்வொன்றையும் மனதில் எண்ணுகிற மாதிரி உதடு அசைத்தார். பிறகு மனைவியிடம், "தாங்குது" என்றார்.

"தாங்காதுன்னு நெனச்சா என்னை அனுப்புனீங்க?" என்றார் அவர்.

கரையில் கேரியரைத் திறந்து நெய்ச்சோறும் தாளிச்சாவும் சாப்பிட்டோம். படகு அண்ணா இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பாய் ஈரக் கால்சட்டையோடு காரில் உட்கார மாட்டேன் என்று, தார்ப்பாய் ஒன்றைச் சீட்டில் விரித்து உட்கார்ந்து போனார். பாய் மேல் பாய் என்று நாத்தனார் சொன்னதற்கு அவர்தான் முதலில் சிரித்தார்.

இது நடந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. கம்பிகள் நன்றாக இருக்கின்றன. மாதம் ஒரு முறை சோதிப்போம். அதற்கு இப்போது விரலைக் கொடுப்பதில்லை. பஞ்சை வைத்துக் கம்பியை மேலிருந்து கீழாக வழித்துக்கொண்டு வந்தால் போதும், இழை எங்காவது அறுந்திருந்தால் பஞ்சு மாட்டிக்கொள்ளும். போன சனிக்கிழமை மூன்று கம்பியையும் நான் வழித்தேன். ஒரு நூல்கூட மாட்டவில்லை.

"சுத்தமா இருக்கு" என்றேன்.

நாத்தனார் என் கையிலிருந்து பஞ்சை வாங்கிக்கொண்டு, முதல் கம்பியிலிருந்து மறுபடி ஆரம்பித்தாள்.